சொந்தச் சிரை தீர்ந்தபின்: கொடைச் சிரையா, பி.டி.எஃப்.இ. குழாயா, மாட்டு நாளமா?

மணிக்கட்டில் ஒரு ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியோடு சிரையை நேரே தைத்த இணைப்பு), அது அடைத்ததும் மேல்கையில் இன்னொன்று, அதுவும் போனபின் கழுத்தில் பெர்ம்கேத் என்ற கதீட்டர் குழாய். டயாலிசிஸில் சில ஆண்டுகளைக் கடந்த பலருக்கு இந்த வரிசை தெரிந்ததுதான். இதற்கு அடுத்து வருவது கிராஃப்ட். தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் ஒரு குழாயால் இணைத்து, அந்தக் குழாயில் ஊசி குத்துவது. அந்தக் குழாய் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்காக இருக்கலாம், பதப்படுத்திய மாட்டு நாளமாக இருக்கலாம், இறந்த கொடையாளரின் தொடையிலிருந்து எடுத்து உறையவைத்த சிரையாகவும் இருக்கலாம்.

எது அதிக நாள் ஓடும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கொடைச் சிரை விஷயத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த நோயாளிக்கு இனி சிறுநீரக மாற்று நடக்க வாய்ப்பு உண்டா? இதற்குப் பதில் தெரியாமல் கொடைச் சிரையை வைக்க ஒப்புக்கொள்வது, கையைக் காப்பாற்றப் போய் சிறுநீரகத்தை இழப்பதில் முடியலாம். காரணம் கீழே வருகிறது.

கிராஃப்ட் பற்றிப் பேசும் முன்

'உங்களுக்குச் சிரையே இல்லை' என்று சொல்லப்பட்ட பலருக்கு உண்மையில் சிரை இருக்கும். மேல்கையின் உட்புறத்தில் ஆழமாக ஓடும் பசிலிக் சிரை கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் அகப்படாது. யாரும் அதில் ரத்தம் எடுத்திருக்கவோ டிரிப் போட்டிருக்கவோ மாட்டார்கள் என்பதால் கெடாமல் இருக்கும். அதைப் பிரித்தெடுத்துத் தோலுக்கு அருகே நகர்த்தி வைத்தால் நல்ல ஃபிஸ்டுலா கிடைக்கும். ஆகவே கையில் பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தோள் வரை சிரைகளை அளந்த தாளைப் பார்க்காமல் கிராஃப்டுக்குச் சம்மதிக்க வேண்டாம். பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகள் இவை: தமனியின் உள்விட்டம் 2 மி.மீ., ஃபிஸ்டுலாவுக்கான சிரை 2.5 மி.மீ., கிராஃப்டை இணைக்கும் சிரை 4 மி.மீ.

அடுத்தது மார்புக்குள் இருக்கும் பெரிய சிரைகள். கழுத்திலோ காரையெலும்புக்குக் கீழோ பலமுறை கதீட்டர் போட்டவர்களுக்கு அங்கே சுருக்கமோ அடைப்போ இருக்க நிறைய வாய்ப்புண்டு. டாப்ளரில் அந்த இடம் சரியாகத் தெரியாது. சாயம் செலுத்திப் படமெடுத்துத்தான் பார்க்க வேண்டும். வெளியேறும் வழி அடைத்திருந்தால் கீழே எவ்வளவு உயர்ந்த குழாயை வைத்தாலும் கை வீங்கும், ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்காது, சில வாரங்களில் குழாய் அடைக்கும். பிறகு பழி குழாயின் மேல் விழும்.

சொந்தச் சிரையே மேல் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரெசியாவும் சிமினோவும் 1966இல் வெளியிட்ட மணிக்கட்டு ஃபிஸ்டுலா இன்றும் முதல் தேர்வுதான். ஆனால் போட்டதெல்லாம் பழுப்பதில்லை. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், புதிதாகப் போட்ட ஃபிஸ்டுலாக்களில் ஏறக்குறைய 60 சதவீதம் டயாலிசிஸுக்குப் பயன்படும் நிலையை எட்டவில்லை. அது பழுக்கும்வரை கழுத்தில் கதீட்டரோடு கழியும் மாதங்களும் கணக்கில் சேரும். அதனால்தான் கே.டி.ஓ.கியூ.ஐ. என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ வழிகாட்டியின் 2019 பதிப்பு எல்லோருக்கும் ஒரே வரிசையை வைக்காமல், ஒவ்வொருவரின் வயது, ஆயுள் எதிர்பார்ப்பு, சிறுநீரக மாற்றுத் திட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடச் சொல்கிறது.

பி.டி.எஃப்.இ.: எல்லாரும் அறிந்த குழாய்

1970களின் நடுவிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் 6 மி.மீ. விட்டம். தமனிப் பக்கம் 4, சிரைப் பக்கம் 7 என்று விரிந்துகொண்டே போகும் வகையும் உண்டு. அலமாரியில் இருக்கும், பிரித்தவுடன் தைக்கலாம், வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம். சாதாரண வகையில் 2–3 வாரம் கழித்து ஊசி போடுவார்கள். திசு குழாயின் வெளிச்சுவரைப் பற்றிக்கொள்ளவும், அறுவைக்குப் பின் வரும் வீக்கம் வடியவும் அந்த இடைவெளி தேவை. அதற்கு முன் குத்தினால் குழாயைச் சுற்றி ரத்தம் கட்டும். ஓரிரு நாளிலேயே குத்தக்கூடிய பல அடுக்கு வகைகளும் இப்போது உண்டு. கதீட்டரைச் சீக்கிரம் கழற்ற வேண்டியவருக்கு அவை பெரிய உதவி.

இதன் பலவீனம் குழாய் சிரையோடு சேரும் இடத்தில் இருக்கிறது. குழாய் விறைப்பானது, சிரை மெத்தென்றது. தமனியின் வேகத்தில் பாயும் ரத்தம் அந்த இணைப்பில் சுழலும். சிரைச் சுவரின் தசைச் செல்கள் உள்பக்கம் வளர்ந்து வாயைக் குறுக்கும். பாய்வு குறையக் குறைய ஒருநாள் மொத்தமும் உறையும். உறைந்த ரத்தத்தை எடுக்கலாம். ஆனால் அந்தச் சுருக்கத்தைப் பலூனால் விரிக்காவிட்டால் மறுபடியும் அதே கதைதான். 2009இல் வந்த பெரிய ஆய்வொன்றில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் டிபிரிடமோலும் ஆஸ்பிரினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 23 சதவீதத்தினருக்கும்தான் ஓராண்டு வரை எந்தத் தலையீடும் இன்றிக் கிராஃப்ட் ஓடியது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. குழாய்களை ஒப்பிடும் தாள்களில் இரண்டு விதமான எண்கள் வரும். யாரும் கை வைக்காமலே ஓடிய காலம் ஒன்று. பலூன் போட்டு, உறைந்ததை எடுத்து, எப்படியோ ஓடவைத்த மொத்தக் காலம் இன்னொன்று. முதல் எண் நோயாளி எத்தனை முறை மருத்துவமனைக்கு அலைவார் என்பதைச் சொல்லும், இரண்டாவது எண் அந்த இடம் எத்தனை நாள் உழைக்கும் என்பதை. ஒரு குழாயின் முதல் எண்ணை இன்னொரு குழாயின் இரண்டாவது எண்ணோடு வைத்துப் பேசினால் கணக்கு குழம்பும். விளம்பரத் தாள்களில் இந்தக் குழப்பம் அரிதல்ல.

தொற்று இதன் அடுத்த பிரச்சினை. பிளாஸ்டிக்கின் நுண்துளைகளில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி புகுந்து படலம் கட்டிவிட்டால் மருந்தால் கழுவ முடியாது. குழாயை எடுக்க வேண்டும், புண் ஆற வேண்டும், அதுவரை கழுத்தில் கதீட்டர். தொடையில் வைத்த குழாய்க்கு இந்த ஆபத்து கையைவிட அதிகம். கவட்டையின் ஈரமும் மடிப்பும் காரணம்.

கொடைச் சிரை எப்படி வருகிறது

பெரும்பாலும் தொடைச் சிரைதான் எடுக்கப்படுகிறது. காலின் பெருஞ்சஃபீனஸ் சிரையையும் சேமிக்கிறார்கள், ஆனால் டயாலிசிஸுக்குத் தொடைச் சிரையின் அகலம் தோது. கொடையாளருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் சோதனைகள் நடக்கும். திசுவை ஆன்டிபயாட்டிக் கலவையில் ஊறவைத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்வார்கள். பிறகு டி.எம்.எஸ்.ஓ. கலந்த திரவத்தில் வைத்து, வெப்பநிலையை மெதுவாக இறக்கி, திரவ நைட்ரஜனின் ஆவியில் சேமிப்பார்கள். செல்லுக்குள் பனிக்கட்டி ஊசிகள் உருவாகாமல் தடுப்பது டி.எம்.எஸ்.ஓ.வின் வேலை. ஊறவைத்த மருந்தின் எச்சம் திசுவில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை உள்ளவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சிரை அறுவை அரங்கில் கெடுவது பெரும்பாலும் உருக்கும்போதுதான். உறைந்த நிலையில் அது கண்ணாடிக் குழாய் போல. பையை மேசையில் தட்டினாலே சுவரில் மயிரிழை விரிசல் விழலாம். நைட்ரஜன் ஆவியிலிருந்து எடுத்த பையை நேரே வெந்நீரில் போட்டாலும் வெளிச்சுவரும் உட்சுவரும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து அதே விரிசல் வரும். அதனால் முதலில் சில நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, பிறகு உடல் வெப்பத்தையொட்டிய நீர்த்தொட்டியில் வைத்து உருக்குவார்கள். அதன்பின் டி.எம்.எஸ்.ஓ.வைப் படிப்படியாக நீர்க்கச் செய்யும் கரைசல்களில் அலச வேண்டும். நிமிடக் கணக்கு ஒவ்வொரு திசு வங்கிக்கும் வேறு. பையோடு வரும் தாளில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும், பழக்கத்தை அல்ல. ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைக்க முடியாது. எனவே நோயாளியின் தமனியையும் சிரையையும் திறந்து, இவை பயன்படும் என்று உறுதியான பிறகே உருக்கத் தொடங்குவது சிக்கனம்.

உருகிய சிரையில் உப்புநீரைச் செலுத்தி ஊதிப் பார்ப்பார்கள். கிளைச் சிரைகளைக் கட்டிய இடங்களில் கசிந்தால் 6-0 அல்லது 7-0 நூலால் தைக்க வேண்டும். உள்ளே வால்வுகள் இருக்கும். ரத்தம் போகும் திசைக்கு அவை வழிவிடும்படி சிரையைத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் வால்வை வெட்டிவிட வேண்டும். ஊதிய நிலையில் மையால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தோலுக்கடியில் குடைந்த சுரங்கத்துக்குள் இழுப்பது நல்ல வழக்கம். பிளாஸ்டிக் குழாய் முறுகினால் கைக்குத் தெரியும். மெத்தென்ற சிரை சத்தமில்லாமல் முறுகிக்கொள்ளும், அன்றிரவே அடைக்கும்.

முன்கையில் லூப் (வளையமாகத் திருப்பி வைக்கும் குழாய்) போட 35–40 செ.மீ. தேவைப்படலாம். ஒரு துண்டு போதாமல் வேறொரு கொடையாளரின் துண்டையும் சேர்த்துத் தைத்தால், உடல் இரண்டு அந்நியர்களின் திசுவைச் சந்திக்கிறது. தொடைச் சிரை அகலமானது என்பதால் தமனியில் போடும் துளையைச் சிறியதாக வைப்பதும் முக்கியம். பெரிதாகிவிட்டால் உள்ளங்கைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் குழாய் இழுத்துக்கொள்ளும். விரல்கள் குளிர்ந்து, டயாலிசிஸ் நடுவே வலி எடுக்கும். நீரிழிவு நோயாளிகளிடம் இது கூடுதலாக வரும்.

எதில் வெல்கிறது, எதில் தோற்கிறது

ஓடும் காலத்தில் கொடைச் சிரைக்கும் பி.டி.எஃப்.இ.க்கும் பெரிய வேறுபாடு இல்லை. மனிதச் சிரை என்பதால் சொந்தச் சிரை போல உழைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. உள்பூச்சுச் செல்கள் பெரும்பாலும் போய்விடும், மிஞ்சியவற்றை உடல் தாக்கும், சுவரில் நார்த்திசு ஏறும். சிரைப் பக்க இணைப்பில் இதிலும் சுருக்கம் வருகிறது.

தொற்றில்தான் அது உண்மையாகவே மேலோங்குகிறது. சீழ் பிடித்த பி.டி.எஃப்.இ. லூப்பை எடுத்துவிட்டு, புண்ணைச் சுத்தம் செய்து, அதே அறுவையில் கொடைச் சிரையைப் புதிய சுரங்கத்தில் வைக்க முடிகிறது. நோயாளிக்குக் கதீட்டர் மாதங்கள் மிச்சமாகின்றன. கழுத்திலும் மார்பிலும் கதீட்டர் போட இடமே தீர்ந்தவருக்கு இது சிறிய லாபம் அல்ல. கிருமி என்ன என்று பார்த்துவிட்டுத்தான் துணிய வேண்டும். சூடோமோனாஸ் இருந்தால் அது தமனிச் சுவரையே அரிக்கும், கொடைச் சிரை வைத்தாலும் இணைப்பு வெடிக்கலாம்.

இனி விலை. பணத்தில் பி.டி.எஃப்.இ.யைவிட மிக அதிகம், அது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையான விலை ஆன்டிபாடியில்தான். உறையவைத்த சிரையின் செல்களில் கொடையாளரின் எச்.எல்.ஏ. அடையாளங்கள் (செல் தன்னுடையதா அந்நியமா என்று உடல் கண்டுகொள்ளும் புரதங்கள்) அப்படியே இருக்கின்றன. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் தராமல்தான் இந்தச் சிரையை வைக்கிறார்கள். சில வாரங்களில் உடல் அவற்றை எதிர்த்து ஆன்டிபாடி செய்யத் தொடங்கும். அந்த ஒரு கொடையாளரோடு அது நிற்பதில்லை, ஒத்த அடையாளமுள்ள மற்றவர்களையும் சேர்த்து எதிர்க்கும். பி.ஆர்.ஏ. என்ற சோதனையில் இது சதவீதமாக வரும். 98 என்று வந்தால், நூறு கொடையாளரில் 98 பேரின் சிறுநீரகம் அவருக்கு ஆகாது. தர முன்வந்திருக்கும் தம்பியோ மனைவியோ அந்த 98இல் சிக்கிக்கொள்ளவும் கூடும். சிரையை எடுத்துவிட்டாலும் ஆன்டிபாடி உடனே இறங்கும் என்று நம்ப முடியாது.

செல்களை நீக்கிய கொடைச் சிரை இதற்கு மாற்றாக வந்தது. செல் போனால் ஆன்டிபாடி தூண்டலும் குறையும் என்ற கணக்கு சரியானதே. அதற்காகச் சோதனை இல்லாமல் அதை நம்பி சிறுநீரக மாற்றுப் பட்டியலில் இருப்பவருக்கு வைப்பது சரியல்ல. வைப்பதற்கு முன் ஒரு பி.ஆர்.ஏ., ஒரு மாதத்தில் ஒன்று, மூன்றாம் மாதத்தில் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்த வகையும் பொருந்தினால் நல்லது. எல்லா மையமும் அதைக் கட்டாயமாக்குவதில்லை, ஆனால் கேட்பதில் தவறில்லை.

பி.டி.எஃப்.இ. ஆன்டிபாடியைத் தூண்டாது. ஆனால் அதை வைக்கும்போதோ உறைவை எடுக்கும்போதோ ரத்தம் ஏற்றினால் அந்த ரத்தம் தூண்டும். பட்டியலில் இருப்பவர் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

மாட்டு நாளமும் ஆய்வகக் குழாயும்

மாட்டின் கழுத்துத் தமனியையோ குடல் சிரையையோ வேதிப்பொருளால் பதப்படுத்திப் புட்டியில் அடைத்துத் தருகிறார்கள். நைட்ரஜன் தொட்டி வேண்டாம், அலசிவிட்டுத் தைக்கலாம். மனித எச்.எல்.ஏ. இல்லை என்பதால் சிறுநீரக மாற்றுக்குக் குறுக்கே நிற்காது. கையாள்வதற்குப் பிளாஸ்டிக்கைவிட மென்மை, தொற்றும் குறைவாகவே இருப்பதாக அனுபவம். பி.டி.எஃப்.இ.யோடு ஒப்பிட்ட சிறிய ஆய்வில் தலையீடு இல்லாமல் ஓடும் காலம் நன்றாக வந்தது, மொத்த ஓட்டத்தில் தெளிவான வேறுபாடு இல்லை. மாட்டுத் திசுவை உடலில் வைக்க மனம் ஒப்பாதவர்கள் இருப்பார்கள். படுக்கையில் கிடத்திய பிறகு இதைச் சொல்லக் கூடாது, சம்மதக் கையெழுத்துக்கு முன் சொல்ல வேண்டும். கொடைச் சிரையை எண்ணுபவர்களில் பலருக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

மனிதத் தசைச் செல்களைக் கரையும் வலையில் வளர்த்து, பின் செல்களைக் கழுவி நீக்கிச் செய்யும் குழாய் பற்றிய செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். 2016இல் வெளியான 60 பேர் ஆய்வில் ஓராண்டில் தலையீடின்றி ஓடியவை 28 சதவீதம், தலையீட்டோடு 89 சதவீதம். முதல் எண் பி.டி.எஃப்.இ.யின் எண்ணைப் போலத்தான், இரண்டாவதுதான் கண்ணை ஈர்க்கிறது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அதற்கு அனுமதி தந்தது கை கால் காயங்களுக்கு, டயாலிசிஸுக்கு அல்ல.

யாருக்கு எது

சிறுநீரக மாற்றுக்கு வாய்ப்புள்ளவருக்கு, அது பத்தில் ஒரு பங்கு வாய்ப்பாக இருந்தாலும், உறையவைத்த கொடைச் சிரை வேண்டாம். பி.டி.எஃப்.இ. அல்லது மாட்டு நாளம். இளையவர் என்றால் இன்னும் கறார். முதல் சிறுநீரகம் தோற்று இரண்டாவதற்குக் காத்திருப்பவரும் இதில் சேர்வார். ஏற்கெனவே பி.ஆர்.ஏ. நூறைத் தொட்டவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அந்த முடிவை அறுவை மருத்துவர் தனியாக எடுக்கக் கூடாது, மாற்றுக் குழுவின் வாய்ச்சொல்லும் போதாது. எழுத்தில் வேண்டும்.

வயது, இதயம், புற்றுநோய் என ஏதோ காரணத்தால் மாற்றுக்கு வழியில்லாதவர், பிளாஸ்டிக் குழாயில் ஒருமுறையோ இருமுறையோ சீழ் பிடித்தவர், கதீட்டரில் அடிக்கடி ரத்தத் தொற்று வருபவர்: கொடைச் சிரைக்கு உரியவர் இவர்தான். தொடையில் வைக்க வேண்டி வந்தால் காலின் ரத்த ஓட்டத்தைக் கணுக்காலில் அளந்த பிறகே. தொற்று எதுவும் இல்லாமல் சிரை மட்டும் இல்லாதவருக்கு இவ்வளவு செலவும் ஆன்டிபாடியும் தேவையில்லை, பி.டி.எஃப்.இ. போதும். மார்புச் சிரை அடைத்தவருக்கு மேற்சொன்ன எந்தக் குழாயும் தனியாக உதவாது. அடைப்பைத் தாண்டி இதயத்தின் வலது மேலறை வரை நீளும் ஹீரோ போன்ற சாதனம் பற்றிக் கேளுங்கள்.

வைத்தபின்

கொடைச் சிரையிலும் சுரங்கம் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் விட வேண்டும். ஊசி போடும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுவது இதில் வெறும் அறிவுரை அல்ல. அதன் சுவர் நாளடைவில் தளர்ந்து புடைக்கும் இயல்புடையது, ஒரே இடத்தில் குத்தினால் அங்கே சீக்கிரம் பை போலத் தொங்கும். ஊசி எடுத்தபின் ஓட்டத்தை முழுக்க நிறுத்தும் அளவுக்கு அழுத்தக் கூடாது. விரலடியில் அதிர்வு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

காலையும் இரவும் கையை வைத்துப் பாருங்கள். பூனை குர்ர் என்பது போல மெல்லிய அதிர்வு இருந்தால் ஓட்டம் சரி. அதிர்வு மறைந்து 'டக் டக்' என்று துடிப்பு மட்டும் இருந்தால் மேலே எங்கோ சுருக்கம். ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாவது, இயந்திரத்தில் சிரை அழுத்தம் வாரா வாரம் ஏறுவது, கை வீங்குவது எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. துடிப்பும் அதிர்வும் இரண்டுமே இல்லையென்றால் அன்றே போக வேண்டும். ஒன்றிரண்டு நாள் தாமதித்தால் உறைவு கெட்டியாகிவிடும்.

புடைப்பின் மேல் தோல் மெலிந்து பளபளப்பாவது, ஊசிப் புண்ணின் பொருக்கு ஆறாமல் பெரிதாவது இரண்டும் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. அந்த இடத்தில் வெடித்து ரத்தம் பீய்ச்சினால் துண்டைச் சுற்றிக் கட்டாதீர்கள். துண்டு ரத்தத்தை உறிஞ்சும், நிறுத்தாது. துளையின் மேலேயே ஒரு விரலை வைத்து அழுத்தி, கையை உயர்த்தி, விரலை எடுக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதை முன்பே செய்துகாட்டிவிடுங்கள்.